கடல் வைரசும் நம் கலைச்சொல்லும்: மையா பிரைட்பார்ட்டின் ஆய்வுப் பயணம்



'வைரஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனத்தில் முதலில் என்ன வருகிறது? கோவிட், டிங்கி, சளிக்காய்ச்சல், முகக்கவரி. பெரும்பாலான மாணவர்கள் இந்த வரிசையில்தான் பதில் சொல்வார்கள். அதில் தவறில்லை. நம்மைத் தேடி வந்து துன்பம் கொடுத்த வைரஸ்களைத்தான் நமக்குத் தெரியும். ஆனால் அவை உலகிலுள்ள வைரஸ்களில் மிகச் சிறிய பகுதி. மனிதருக்குத் தொற்றும் என்று இதுவரை அறியப்பட்டவை சில நூறு வகைகள்தாம். மற்றவை எங்கே இருக்கின்றன, என்ன செய்கின்றன என்ற கேள்விக்குப் பதில் தேடுபவர்களில் ஒருவர் மையா பிரைட்பார்ட். அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகக் கடல் அறிவியல் கல்லூரியில் பேராசிரியர்.

ஒரு கடல் ஆய்வாளரைப் பற்றித் தமிழாசிரியர் சங்க மின்னிதழில் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அவருடைய துறையைச் சேர்ந்தவர்கள் பொதுமக்களிடம் பேசும்போது சந்திக்கும் முதல் தடை ஒரு சொல். அதே தடை நம் கருத்து விளக்கக் கட்டுரைகளிலும் உண்டு. தமிழில் அது இன்னும் கொஞ்சம் உயரமாகவே நிற்கிறது. முதலில் அறிவியலைப் பார்ப்போம், பிறகு சொல்லுக்கு வருவோம்.

ஒரு தேக்கரண்டி கடல்நீர்

கடலின் மேற்பரப்பில் ஒரு மில்லிலிட்டர் நீரை எடுத்தால், அதில் ஏறத்தாழ 10 மில்லியன் வைரஸ்கள் இருக்கும். பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 1 மில்லியன். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர். அப்படியென்றால் ஒரு தேக்கரண்டியில் 50 மில்லியன் வைரஸ்கள். மலேசியாவின் மக்கள்தொகையே ஏறத்தாழ 34 மில்லியன்தான்! போர்ட்டிக்சனில் குளிக்கும்போது ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனால் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பயப்பட வேண்டியதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை பாக்டீரியாவை மட்டுமே தாக்குபவை. இவ்வகைக்கு 'ஃபேஜ்' என்று பெயர். நம் உடல் அணுக்களுக்குள் நுழையும் சாவி அவற்றிடம் இல்லை.

இது நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1989இல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகக் குழுவினர் நீர் மாதிரிகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து எண்ணிப் பார்த்தார்கள். சில மாதிரிகளில் மில்லிலிட்டருக்கு 250 மில்லியன் வரை இருந்தன. 'நேச்சர்' இதழில் அந்த எண்ணிக்கை வெளிவந்த பிறகுதான் கடல் வைரஸ் ஆய்வு வேகம் பிடித்தது.

மாணவர் ஆய்வாளர், 200 லிட்டர் தண்ணீர்

எண்ணியாயிற்று. ஆனால் அவை யார் யார் என்பது தெரியவில்லை. வைரசை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வேண்டுமானால், அது தாக்கும் பாக்டீரியாவை முதலில் வளர்க்க வேண்டும். கடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுக்கின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. பாக்டீரியாக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மரபணு ஒன்று இருக்கிறது. அதை வைத்து, அடையாள அட்டையைப் பார்ப்பது போல, இது இன்ன வகை என்று சொல்லிவிடலாம். எல்லா வைரஸ்களுக்கும் பொதுவான மரபணு என்று ஒன்றுமே கிடையாது.

மையா பிரைட்பார்ட் ஃபுளோரிடா தொழில்நுட்பக் கழகத்தில் இளங்கலை முடித்து, கலிபோர்னியாவின் சான் டியாகோவுக்கு முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்றவர். அவருடைய வழிகாட்டி ஃபாரஸ்ட் ரோவர். இவர்களும் சக ஆய்வாளர்களும் சேர்ந்து சான் டியாகோ பகுதியில் இரண்டு இடங்களில் நீர் எடுத்தார்கள். ஒன்று ஸ்கிரிப்ஸ் கடற்பாலம், மற்றொன்று மிஷன் விரிகுடா. ஒவ்வோர் இடத்திலும் 200 லிட்டர். அதிலிருந்து வைரஸ்களை மட்டும் வடித்தெடுத்து, அவற்றின் மரபுப்பொருளைத் துண்டு துண்டாக்கி, துண்டுகளைப் படித்தார்கள்.

மாணவர்களுக்கு இதை இப்படி விளக்கலாம். ஒரு நூலகத்தில் உள்ள எல்லாப் புத்தகங்களையும் கிழித்து ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் கையை விட்டு ஆயிரம், இரண்டாயிரம் துண்டுகளை எடுக்கிறீர்கள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று வரிகள். அந்த வரிகளை வைத்தே நூலகத்தில் எத்தனை நூல்கள் இருந்திருக்கும், எவை நமக்குத் தெரிந்தவை, எவை தெரியாதவை என்று மதிப்பிட வேண்டும்.

2002இல் முடிவு வெளியானது. படித்த துண்டுகளில் 65 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அதுவரை அறிவியல் உலகம் பதிந்து வைத்திருந்த எந்த மரபணுவோடும் ஒத்துப்போகவில்லை. அந்த 200 லிட்டரில் 374 முதல் 7,114 வைரஸ் வகைகள் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். இயற்கையில் உள்ள வைரஸ் கூட்டத்தின் மரபுப்பொருளை வளர்க்காமலேயே படித்துப் பார்த்த முன்னோடி ஆய்வு அது. பிரைட்பார்ட் அப்போது பட்டம் பெறாத ஆய்வு மாணவி! 2006இல்தான் முனைவர் பட்டம் பெற்றார். 'பாப்புலர் சயன்ஸ்' இதழ் 2013இல் தேர்ந்தெடுத்த பத்து இளம் அறிவியலாளர்களில் அவரும் ஒருவர்.

சிங்கப்பூரும் மிளகாயும்

கடல்நீருக்கு உருவாக்கிய இதே முறையை வேறு இடங்களிலும் பயன்படுத்தலாம் அல்லவா? அப்படி நடந்த ஒன்று நமக்கு மிக அருகில் வருகிறது. சிங்கப்பூர் மரபணுத்தொகை ஆய்வுக்கழக ஆய்வாளர்களும் பிரைட்பார்ட், ரோவர் ஆகியோரும் இணைந்து, நலமாக இருக்கும் மனிதர்களின் மலத்தில் என்னென்ன வைரஸ்கள் உள்ளன என்று தேடினார்கள். மனிதரைத் தாக்கும் வைரஸ்கள்தாம் நிறைய இருக்கும் என்று எதிர்பார்ப்போம். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை தாவர வைரஸ்கள். அவற்றிலும் முன்னணியில் நின்றது மிளகாய்ச் செடியின் இலையில் திட்டுத் திட்டாய் நிறம் மாறச் செய்யும் ஒரு வைரஸ். வட அமெரிக்கா, ஆசியா ஆகிய இரு கண்டங்களிலிருந்து பெற்ற 18 மாதிரிகளில் 12இல் அது இருந்தது.

எப்படி வந்தது? நாம் சாப்பிடும் மிளகாயிலிருந்துதான். மிளகாய் சேர்த்த உணவுப்பொருள்கள் சிலவற்றிலும் அதே வைரஸ் கிடைத்தது. நம்மை ஒன்றும் செய்யாமல் உடலைக் கடந்து வெளியே போய்விடுகிறது. 2006இல் வெளிவந்த இந்தச் செய்தி அப்போது வேடிக்கையாகத்தான் தோன்றியிருக்கும்.

பிறகு பாருங்கள். 2009இல் பிரைட்பார்ட் குழுவினர் அதையே ஓர் அளவுகோலாக்கினார்கள். மனிதக் கழிவு எங்கே இருக்கிறதோ அங்கே இந்த மிளகாய் வைரஸ் இருக்கும். ஆகவே ஆற்றிலோ கடலோரத்திலோ அது தென்பட்டால், கழிவுநீர் கலந்திருக்கிறது என்று பொருள். கோவிட் காலத்தில் பல நாடுகளில் கழிவுநீரைச் சோதித்து நோய்ப்பரவலை மதிப்பிட்டபோதும் இது கை கொடுத்தது. மழை பெய்தால் கழிவுநீர் நீர்த்துப்போகும், கோவிட் வைரசின் அளவு குறைந்தது போல் தோன்றும். மிளகாய் வைரசையும் கூடவே அளந்தால், நோய் உண்மையிலேயே குறைந்ததா அல்லது மழைநீர்தான் கூடியதா என்று பிரித்தறிய உதவும். ஒரு வைரசை அளக்க இன்னொரு வைரஸ் துணை.

மாணவர்களே, 'அறிவியல் ஆய்வின் பயன்' என்ற தலைப்பு வந்தால், இந்த எடுத்துக்காட்டு உங்களுக்கு நன்றாகப் பயன்படும். கடலில் தொடங்கிய ஒரு முறை, சாப்பாட்டு மேசை வழியாக, பொதுச் சுகாதாரத்துக்கு வந்து சேர்ந்தது.

வைரஸ் இல்லாத கடல்

சரி, அத்தனை கோடி வைரஸ்கள் கடலில் என்னதான் செய்கின்றன? ஒவ்வொரு நாளும் கடல் மேற்பரப்பிலுள்ள பாக்டீரியாக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அவை அழிக்கின்றன. அழிவு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தோம். வைரஸ் தாக்கிய அணு வெடிக்கும்போது அதனுள் இருந்த கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் நீரில் கரைகின்றன. மற்ற நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு வளர்கின்றன. சிற்றுயிர், மீன் என்று மேலே போக வேண்டிய உணவு, திரும்பவும் நுண்ணுயிர்களுக்கே போய்ச் சேர்கிறது. வில்ஹெல்ம், சட்டில் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் இதை விரிவாக விளக்கினார்கள். வயலுக்குப் போகும் நீரை வேறு வாய்க்காலுக்குத் திருப்புவதை நாம் மடைமாற்றுதல் என்போம். இதையும் 'வைரஸ் மடைமாற்றம்' என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி கடலில் நடக்கிறது. அதைச் செய்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு வேண்டிய உரச்சத்தைச் சுழலவிடுவதில் வைரசுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒளிச்சேர்க்கைக்கான மரபணுவையே தூக்கிக்கொண்டு திரியும் ஃபேஜ்களும் உண்டு என்று 2003இல் கண்டறிந்தார்கள். தான் புகுந்த அணுவின் தொழிற்சாலை நின்றுவிடாமல், தன் வேலை முடியும்வரை ஓட வைக்க அந்த மரபணு உதவுகிறது.

பொதுமக்களிடம் எப்படிச் சொல்வது?

இந்தத் துறையினர் மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோகும்போது மூன்று வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. இவற்றை பிரைட்பார்ட் பட்டியலிட்டு அறிவித்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய ஆய்வுகளையும் கட்டுரைத் தலைப்புகளையும், சக ஆய்வாளர்கள் எழுதியவற்றையும் சேர்த்துப் படித்தபோது எனக்குத் தெரிந்தவை இவை.

முதலாவது, அளவை உணர்த்துவது. கடல் வைரஸ்களின் மொத்த எண்ணிக்கை 1க்குப் பின்னால் 30 சுழியம். இப்படிச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கனடாவின் கர்ட்டிஸ் சட்டில் 2005இல் இதையே வேறு மாதிரி எழுதினார். அத்தனை வைரஸ்களிலும் உள்ள கார்பனின் எடை 75 மில்லியன் நீலத் திமிங்கிலங்களில் உள்ள கார்பனுக்குச் சமம். அவற்றை வரிசையாக வைத்தால் 10 மில்லியன் ஒளியாண்டு தூரம் நீளும். எண்ணுக்குப் பதில் காட்சி. நம் மாணவர்கள் புள்ளிவிவரத்தைக் கட்டுரையில் அப்படியே கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் அல்லவா? அவர்களுக்கு இது நல்ல பாடம்.

இரண்டாவது, அறிமுகமான ஒன்றின் வழியாக அறியாததைக் காட்டுவது. பிரைட்பார்ட் 2012இல் எழுதிய ஆய்வுத்தொகுப்பின் தலைப்பு, நண்பர்கள் கூடினால் விளையாடும் 'உண்மையா, துணிச்சலா' விளையாட்டின் பெயர். 2018இல் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரையில் ஃபேஜ்களைப் பொம்மலாட்டக்காரர்கள் என்கிறார். புகுந்த அணுவை உள்ளிருந்து ஆட்டுவிப்பதால் அந்தப் பெயர். 2016இல் அவர் குழு முன்வைத்த கருதுகோளின் பெயர் 'ஃபெரோஜன் குதிரை'. கிரேக்கர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்து டிராய் நகருக்குள் புகுந்த கதை உங்களுக்குத் தெரியும். 'ஃபெரம்' என்றால் இலத்தீனில் இரும்பு. கடலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, பாக்டீரியா அதற்காக ஏங்கி நிற்கும். ஃபேஜின் வால் பகுதியில் இரும்பு இருக்கலாம், பாக்டீரியா அதை உணவென்று நம்பிக் கதவைத் திறக்கலாம் என்பது கருத்து. ஒரே பெயரில் கதை, வேதியியல், சூழ்ச்சி மூன்றும் வந்துவிடுகின்றன. இது கருதுகோள் என்பதால் 'இருக்கலாம்' என்றுதான் எழுத வேண்டும். 'இருக்கிறது' என்று எழுதினால் பொருள் மாறிவிடும். இந்த ஒரு விகுதி வேறுபாட்டை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

வழிகாட்டி ரோவரும் சும்மா இருக்கவில்லை. 2014இல் அவரும் நண்பர்களும் ஃபேஜ்களுக்கென்றே ஓவியங்களோடு ஒரு நூல் கொண்டுவந்தார்கள். பறவை பார்ப்பவர்களுக்குக் கையேடு போடுவது போல, 30 ஃபேஜ்களுக்குக் கையேடு. பிரைட்பார்ட் பணியாற்றும் கல்லூரி, உயர்நிலைப்பள்ளிக்குள் நுழையவிருக்கும் மாணவிகளுக்காகக் கடலியல் முகாம் ஒன்றை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகிறது. அந்தப் பெண்பிள்ளைகள் ஆய்வுக்கப்பலிலேயே கடலுக்குப் போகிறார்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினம். 'வைரஸ்' என்ற சொல்லை 'நோய்' என்ற சொல்லிலிருந்து பிரித்தெடுப்பது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். 2022 ஜனவரி முதல் கரீபியக் கடலில் நீள்முள் கடல் முள்ளெலிகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. பவளப்பாறையில் படியும் பாசியை மேய்ந்து அதைக் காப்பாற்றும் உயிர்கள் அவை. வைரஸ்தான் காரணமோ என்று யாரும் முதலில் நினைப்பார்கள். பிரைட்பார்ட்டும் சக ஆய்வாளர்களும் வைரசையும் சேர்த்துச் சோதித்தார்கள். குற்றவாளி வைரஸ் அல்ல, நுண்மயிர்கள் கொண்ட ஓரணு உயிரி என்று 2023இல் அறிவித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த நலமான முள்ளெலிகளிடம் அந்த உயிரியைச் சேர்த்தபோது அதே நோய் வந்தது. வைரஸ் ஆய்வாளர்களே வைரசை விடுவித்தார்கள். சான்று இல்லாமல் பழி போடக்கூடாது என்பதுதான் செய்தி.

நம் சொல் என்ன சொல்கிறது?

இப்போது நம் மொழிக்கு வருவோம். வைரசுக்குத் தமிழில் எத்தனை சொற்கள் என்று பாருங்கள்: கிருமி, நச்சுயிரி, நச்சுநுண்மம், தீநுண்மி. மலேசிய ஊடகங்களில் 'கோறனி நச்சில்' என்பதும் புழங்கியது. இவற்றில் ஏறக்குறைய எல்லாமே முன்கூட்டித் தீர்ப்பு எழுதிவிட்ட சொற்கள். ஒன்றில் நஞ்சு, மற்றொன்றில் தீமை. கிருமி என்றாலே கைகழுவ ஓடுகிறோம்.

ஆக்கியவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. இலத்தீனில் 'வைரஸ்' என்ற சொல்லின் பொருளே நஞ்சுதான். மூலத்துக்கு நேர்மையாகத்தான் ஆக்கியிருக்கிறார்கள். வேறுபாடு என்னவென்றால், ஆங்கிலம் பேசுபவர் காதில் அந்தப் பழைய பொருள் விழுவதில்லை. தமிழில் வேர்ச்சொல் உயிரோடு இருக்கிறது. 'நச்சு' என்றதும் நஞ்சு நினைவுக்கு வந்துவிடும். சொல் தெளிவாக இருப்பது தமிழின் பலம். இந்த இடத்தில் அந்தப் பலமே இடைஞ்சல். 'தீநுண்மிகளால் கடலுக்கு நன்மை' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியமே தன்னோடு சண்டை போடும்.

அதற்காக அந்தச் சொற்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இடம் பார்த்துப் பயன்படுத்துவோம் என்கிறேன். டிங்கி, கோவிட் பற்றி எழுதும்போது நச்சுயிரி பொருத்தமே. பொதுவாக எழுதும்போது 'வைரஸ்' என்பதே நடுநிலையான சொல். நோய் தருவதை மட்டும் குறிக்க வேண்டுமானால் 'நோய் உண்டாக்கும் வைரஸ்' என்று அடைமொழி சேர்க்கலாம். எந்தச் சொல்லை எடுத்தாலும் கட்டுரை முடியும்வரை அதையே பயன்படுத்துங்கள். முதல் பத்தியில் வைரஸ், இரண்டாம் பத்தியில் கிருமி, மூன்றாம் பத்தியில் பாக்டீரியா என்று மாறினால் படிப்பவர் குழம்பிப்போவார். வைரசும் பாக்டீரியாவும் ஒன்றல்ல. பாக்டீரியா தனித்து வாழும் உயிரணு. வைரஸ் இன்னோர் அணுவுக்குள் புகுந்தால்தான் பெருகும்.

வகுப்பறையில் செய்ய

கீழே உள்ள வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

"கடலில் கோடிக்கணக்கான நச்சுயிரிகள் வாழ்ந்து, மக்களுக்குப் பெரும் ஆபத்தை விளைவிக்கின்றன."

இதில் எத்தனை பிழை என்று மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, கருத்துப் பிழை நிறைய உண்டு. பிறகு திருத்தி எழுதச் சொல்லலாம். ஒரு மாதிரி:

"ஒரு தேக்கரண்டி கடல்நீரில் ஏறத்தாழ 50 மில்லியன் வைரஸ்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பாக்டீரியாவை மட்டுமே தாக்குவதால் மனிதருக்குத் தீங்கு இல்லை. அவை பாக்டீரியாவை வெடிக்கச் செய்யும்போது வெளிப்படும் சத்துகள், கடலின் பிற நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன."

அளவு, வகை, காரணம், விளைவு நான்கும் இதில் இருக்கின்றன. மிகைச்சொல் இல்லை.

கலந்துரையாடலுக்கும் வாய்மொழிப் பயிற்சிக்கும் சில கேள்விகள்:

1. அறிவியலாளர் தம் ஆய்வைப் பொதுமக்களுக்கு விளக்குவது கடமையா, விருப்பமா? காரணம் கூறுக.

2. வைரசைப் 'பொம்மலாட்டக்காரர்' என்று உருவகிப்பதால் எது விளங்குகிறது? அதற்கு எண்ணமும் திட்டமும் இருப்பதாகத் தவறாக நினைக்க இடம் உண்டா?

3. மிளகாய் வைரஸ் ஆய்வு தொடங்கியபோது அதன் பயன் யாருக்கும் தெரியாது. உடனடிப் பயன் தெரியாத ஆய்வுகளுக்குப் பணம் செலவிடலாமா?

4. 'வைரஸ்' என்பதற்குத் தீமை, நஞ்சு என்ற பொருள் வராத ஒரு தமிழ்ச்சொல்லை உங்களால் ஆக்க முடியுமா?

நான்காவது கேள்விக்கு மாணவர்கள் ஆக்கும் சொற்களைத் திரட்டி, இம்மின்னிதழுக்கு அனுப்பி வையுங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் மற்ற பள்ளிகளோடு பகிர்ந்துகொள்ளலாம். அனுப்பும்போது, அந்தச் சொல்லை வைத்து எழுதிய ஒரு வாக்கியத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். வாக்கியத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு சொல் நிற்குமா நிற்காதா என்று தெரியும்.